ஒரு கவிதை, ஓர் இடம்: ஐரோப்பாவைக் கொண்டாடப் புதிதாக வருகிறவர்களுக்கு

படிக்கவோ வேலைக்கோ ஐரோப்பா வந்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எல்லாரும் ஐரோப்பியர்னு சொல்லிக்கறாங்களே, இவங்களுக்குள்ள அப்படி என்ன பொது? பாஷை வேற, சாப்பாடு வேற, வரலாறுன்னு பார்த்தா ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிட்டதுதான் நிறைய." நியாயமான கேள்வி. ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் புரட்டினால் இதற்கு விடை கிடைக்காது, நான் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு விடை கிடைத்தது வேறு வழியில்: ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அது பிறந்த இடத்துக்கே போய் நின்று, அதன் சொந்த மொழியில் வாய்விட்டு வாசித்தபோது. அதையே நாலைந்து நாட்டுக்காரர்களைச் சேர்த்துவைத்து ஒரு சாயங்காலம் செய்தால் அது விழாவாகிவிடுகிறது. இரண்டையும் எப்படிச் செய்வது என்று, கவிதைப் பழக்கம் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

முதலில் பர்ஸைத் திறந்து சில்லறையைப் பாருங்கள்

யூரோ நாணயத்தின் ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான். மறுபக்கத்தை அந்தந்த நாடு தன் விருப்பப்படி அச்சடிக்கலாம். சில நாடுகள் ராஜாவைப் போடுகின்றன, ஜெர்மனி கழுகைப் போடுகிறது. இத்தாலியின் 2 யூரோவில் இருப்பவர் தாந்தே, ரஃபேல் வரைந்த பக்கவாட்டு முகம். ஸ்லோவேனியாவின் 2 யூரோவில் இருப்பவரும் ஒரு கவிஞர்தான், ஃப்ரான்ஸே ப்ரெஷெரென், கூடவே அவருடைய கவிதை வரி ஒன்றும் இருக்கிறது. ஸ்பெயினின் 10, 20, 50 சென்ட் காசுகளில் 'டான் கிஹோட்டே' நாவலை எழுதிய செர்வான்தெஸ். இந்தக் காசுகள் எல்லை பார்க்காமல் கைமாறிக்கொண்டே இருப்பதால், பிரான்சில் ரொட்டி வாங்கப் போன இடத்தில் மீதிச் சில்லறையாக ஒரு ஸ்லோவேனியக் கவிதை வரி உங்கள் கைக்கு வந்துவிடலாம். இந்த நாணயங்களில் ஒன்று கிடைத்தால் செலவழிக்காமல் எடுத்து வையுங்கள், விழா அன்று மேசையில் வைக்க உதவும்.

ஐரோப்பாவின் கீதம் பிறந்ததும் ஒரு கவிதையிலிருந்துதான். 1785இல் ஜெர்மன் கவிஞர் ஷில்லர் மகிழ்ச்சியைப் பற்றி எழுதிய கவிதையை பீத்தோவன் தன் ஒன்பதாம் சிம்பொனியில் வைத்தார், அது 1824இல் அரங்கேறியது. அந்த மெட்டை ஐரோப்பிய கவுன்சில் 1972இலும், பிறகு இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம் 1985இலும் கீதமாக ஏற்றுக்கொண்டன. ஆனால் சொற்களை விட்டுவிட்டார்கள்! இன்றைக்கு ஒன்றியத்தில் 24 ஆட்சிமொழிகள் இருக்கின்றன, அதில் எதை எடுத்துப் பாடினாலும் மற்ற இருபத்துமூன்றுக்கும் மனக்குறைதான். அதனால் மெட்டு மட்டும் கீதம், அவரவர் மொழி அவரவருக்கு. நம்முடைய சாயங்காலத்தை அந்தச் சொல்லில்லாத மெட்டில் தொடங்குங்கள். அது முடிந்ததும் ஒவ்வொருவராகத் தன் மொழியைக் கொண்டுவரட்டும்.

நாள் குறிப்பது

மே 9 வசதியான நாள். 1950இல் அன்றுதான் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரொபேர் ஷூமான், பிரான்சின் நிலக்கரியையும் எஃகையும் ஜெர்மனியினுடையதோடு சேர்த்து ஒரே பொது நிர்வாகத்தின்கீழ் வைக்கலாம் என்று முன்மொழிந்தார். இன்றைய ஒன்றியம் வளர்ந்தது அதிலிருந்துதான். ஐரோப்பிய கவுன்சில் தன் பிறந்தநாளை மே 5 அன்று கொண்டாடுகிறது (1949), ஆகவே அந்த வாரத்தில் எந்த நாளும் பொருந்தும். மே தப்பிவிட்டால் செப்டம்பர் 26 இருக்கிறது, அது ஐரோப்பிய மொழிகள் தினம்.

கவிதையைத் தேர்ந்தெடுப்பது

இதில் அவசரப்படாதீர்கள், வேலையில் பாதி இதுதான். நான் பார்ப்பது இரண்டே விஷயம். ஒன்று, அந்தக் கவிதைக்கு நாம் போய்க் கால் வைக்கக்கூடிய ஓர் இடம் இருக்க வேண்டும், ஒரு படித்துறை, ஒரு சதுக்கம், ஒரு சுவர், எதுவானாலும் சரி. இரண்டு, அது ஏதாவது ஓர் எல்லையைத் தாண்டியிருக்க வேண்டும்: கவிஞர் நாடு மாறியிருக்கலாம், வடிவம் வேறு மொழியிலிருந்து வந்திருக்கலாம், அல்லது கவிஞர் அப்படியே இருக்க எல்லைக்கோடு நகர்ந்திருக்கலாம். ஐரோப்பாவில் இந்த மூன்றாவது நிறைய நடந்திருக்கிறது.

புதியவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் லியூப்லியானா. ஸ்லோவேனியாவின் சின்னத் தலைநகரம், நடந்தே பார்த்துவிடலாம். நடுச் சதுக்கத்தின் பெயரே ப்ரெஷெரென் சதுக்கம், அங்கே 1905இல் வைத்த அவருடைய சிலை நிற்கிறது. மூன்று பாலங்கள் ஒன்றாகச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், எதிரே செந்நிறத் தேவாலயம். சிலையின் கண் போகிற திசையிலேயே நீங்களும் பாருங்கள். தெருவின் அந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் ஜன்னல் மாதிரி செய்த சிற்பத்தில் ஒரு பெண் தெரிவாள். அவள்தான் யூலியா, கவிஞர் விரும்பிய, அவருக்குக் கிடைக்காத பெண். ஆற்றங்கரையில் காபி குடிக்கிற கூட்டத்தின் தலைக்கு மேலே இரண்டு பேரும் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்காக ப்ரெஷெரென் எழுதியது ஒரு சானெட் மாலை (சானெட் என்றால் பதினாலு வரிக் கவிதை). தமிழ் படித்தவர்களுக்கு இதை விளக்க ஒரு சொல் போதும்: அந்தாதி. ஒரு சானெட்டின் கடைசி வரி அடுத்த சானெட்டின் முதல் வரியாக வரும், பதினாலாவதின் கடைசி வரி மறுபடி முதல் சானெட்டின் தொடக்கத்தில் போய்ச் சேரும், நம் ஆட்கள் மண்டலித்தல் என்று சொல்வார்களே, அதே போல. பிறகு அந்தப் பதினாலு சானெட்டுகளின் முதல் வரிகளை மட்டும் வரிசையாக அடுக்கினால் பதினைந்தாவது சானெட் கிடைக்கும், அதன் முதலெழுத்துகளைக் கீழ்நோக்கிக் கூட்டிப் படித்தால் யூலியாவின் முழுப்பெயர்! 1834இல் இதை வெளியிட்டிருக்கிறார். படித்தவர்கள் ஜெர்மனில்தான் எழுத வேண்டும் என்று இருந்த காலத்தில், ஆஸ்திரியப் பேரரசின் ஒரு மூலையில் உட்கார்ந்து, தன் சிறு மொழியில்.

சானெட் என்ற வடிவம் அவர் ஊரில் முளைத்ததும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் சிசிலி அரசவையில் பிறந்து, இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க் கைக்கு வந்து மெருகேறி, 16ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ், ஸ்பெயின், போர்த்துகல், இங்கிலாந்து என்று பரவி, பிறகுதான் லியூப்லியானா வந்தது. வந்த ஊரில் எல்லாம் அதை அவரவர் மொழிக்கு ஏற்பத் தைத்துக்கொண்டார்கள். "இவங்களுக்கு என்ன பொது?" என்று கேட்பவருக்கு நான் காட்டும் முதல் சான்று இந்தப் பதினாலு வரிதான்.

அவருடைய இன்னொரு கவிதை, 1844இல் எழுதிய 'ஸ்ட்ராவ்லித்சா', ஒரு மதுக்கோப்பை வாழ்த்து. ஒவ்வொரு பத்தியும் தாளில் மதுக்கிண்ண வடிவில் நிற்கும். வியன்னாவின் தணிக்கை அதை நிறுத்திவைத்தது, 1848இல் தணிக்கை விழுந்த பிறகுதான் அச்சேறியது. அதன் ஏழாவது பத்திதான் இன்று ஸ்லோவேனியாவின் தேசிய கீதம். எல்லா மக்களும் வாழ்க, சூரியன் போகும் இடமெல்லாம் சண்டை ஒழிகிற நாளுக்கு ஏங்குகிறவர்கள் வாழ்க, எல்லைக்கு அப்பால் இருப்பவன் பேயாக இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனாக இருக்கட்டும் என்று போகும். ஒரு நாட்டின் கீதம் அடுத்த நாட்டுக்காரனையும் சேர்த்து வாழ்த்துவதை நினைத்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும். நாணயத்தில் இருக்கும் வரியும் இதிலிருந்துதான். அவர் இறந்த பிப்ரவரி 8 அங்கே அரசு விடுமுறை, பண்பாட்டு நாள். குளிர் தாங்குவீர்கள் என்றால் அன்று போங்கள்.

அடுத்து புடாபெஸ்ட். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் டான்யூப் ஆற்றைப் பார்த்தபடி படிக்கட்டில் ஹங்கேரியக் கவிஞர் யோஷெஃப் அட்டிலாவின் வெண்கலச் சிலை உட்கார்ந்திருக்கிறது, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு. (ஹங்கேரியில் குடும்பப்பெயர் முதலில் வரும், அதனால் இது தலைகீழ் இல்லை.) அவருடைய 'டான்யூப் கரையில்' கவிதை 1936இல் எழுதியது. தொடக்கம் எவ்வளவு எளிமை தெரியுமா, படித்துறையின் கீழ்க்கல்லில் உட்கார்ந்து ஒரு தர்பூசணித் தோல் மிதந்து போவதைப் பார்க்கிறார், அவ்வளவுதான். அங்கிருந்து தன் அம்மா வழி, அப்பா வழி என்று போகிறார்: தாய் குமான் இனம், தகப்பன் பாதி செக்லர் (ஹங்கேரியன் பேசும் ஓர் இனம்), பாதி ருமேனியர், ஒருவேளை முழுக்கவே ருமேனியர். தன் ரத்தத்துக்குள் வென்றவர்களும் தோற்றவர்களும் சேர்ந்தே இருக்கிறார்கள் என்கிறார். நம் பொதுக் காரியங்களை ஒருவழியாக ஒழுங்குசெய்துகொள்வதுதான் நம் வேலை, அது சின்ன வேலை இல்லை என்று முடிக்கிறார். ஐரோப்பியப் போர் நெருங்கிக்கொண்டிருந்த வருடத்தில் எழுதிய வரி இது. டான்யூப் பத்து நாடுகள் வழியாக ஓடுகிறது, அதில் எந்த நாட்டுக் கரையில் நின்றும் இந்தக் கவிதையை வாசிக்கலாம், புடாபெஸ்ட்டுக்குப் போக முடியாதவர்கள் வியன்னாவிலோ பெல்கிரேடிலோ உட்காருங்கள்.

எல்லைக்கோடு நகர்ந்த கதைக்கு ஆடம் மிக்கியேவிச். பிறந்த ஊர் இன்றைய பெலாரூசில், படித்தது இன்றைய லிதுவேனியாவின் வில்னியூஸில், எழுதிய மொழி போலிஷ். போலந்தின் தேசிய காவியமாகக் கொண்டாடும் 'பான் ததேஉஷ்' 1834இல் பாரிஸில் வெளியானது, அதன் முதல் சொல்லோ "லிதுவேனியாவே, என் தாய்நாடே!" நீ உடல்நலம் மாதிரி, இழந்தவனுக்குத்தான் உன் அருமை தெரியும் என்று தொடரும். ஊரை விட்டு வந்த எவருக்கும் இந்த இரண்டு வரிக்கு உரை தேவையில்லை. எங்கள் முதல் கூட்டத்தில் போலந்துக்காரச் செவிலியர் ஒருவர் இதை மனப்பாடமாகச் சொல்லி முடித்த கையோடு, பின்வரிசையில் இருந்த லிதுவேனிய மாணவன் எழுந்து அதே வரிகளைத் தன் மொழியில் சொன்னான். இரண்டு பேரும் "எங்க கவிஞர்" என்றார்கள், இரண்டு பேரும் சரி.

ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயை விட முடியாது. ப்ராகில் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, சுவிட்சர்லாந்தில் அடங்கியவர். த்ரியெஸ்தேக்குப் பக்கத்தில் டூயினோ கோட்டையில் விருந்தாளியாக இருந்தபோது, 1912 ஜனவரியில், தன் பெரிய இரங்கற்பாக்களைத் தொடங்கினார், முடிக்கப் பத்து வருடம் ஆனது. அப்போது அந்த இடம் ஆஸ்திரியா-ஹங்கேரி, இப்போது இத்தாலி. டூயினோவுக்கும் சிஸ்தியானாவுக்கும் நடுவில் கடல்பக்கப் பாறை விளிம்பில் அவர் பெயரில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கீழே நீலக்கடல். பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், போரா என்று சொல்லும் வடகிழக்குக் காற்று வீசும் நாளில் போகாதீர்கள்.

கடைசியாக, கனமான ஒன்றும் கூட்டத்தில் இருக்கட்டும். பால் செலான் 1920இல் அன்றைய ருமேனியாவில், இன்றைய உக்ரைனின் செர்னிவ்ட்சியில், ஜெர்மன் பேசும் யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் இருவரையும் போர்க்கால முகாமில் இழந்தார். அதற்குப் பிறகும் ஜெர்மனிலேயே எழுதினார். அது கொன்றவர்களின் மொழி, அவருக்கு அம்மாவின் மொழியும் அதுதான். ஐரோப்பாவைக் கொண்டாடும் இடத்தில் இதை மறைத்துவிட்டுப் பூவும் பாட்டுமாக மட்டும் முடித்தால் அது பாதி உண்மைதான். அவர் கவிதையை வாசித்தால் கைதட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு நிமிடம் சும்மா இருந்துவிட்டு அடுத்தவர் எழுந்தால் போதும்.

எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை என்றால்

நெதர்லாந்தில் இருக்கும் லெய்டன் போங்கள். சோழர் செப்பேடுகளால் நமக்குப் பெயர் பழகிய அதே லெய்டன்தான். 1992இல் ஒரு சிறு அறக்கட்டளை அங்கே வீட்டுச் சுவர்களில் கவிதைகளை அவற்றின் மூலமொழியில், மூல எழுத்தில் எழுதத் தொடங்கியது. முதலாவது மரீனா ஸ்வெதாயேவாவின் ரஷ்யக் கவிதை, பிறகு நூறைத் தாண்டிவிட்டது. பெரும்பாலானவற்றுக்குக் கீழே சிறு பலகையில் மொழிபெயர்ப்பும் இருக்கும். அரை நாள் சும்மா தெருத்தெருவாக நடங்கள், எந்தச் சுவருக்கு முன்னால் உங்கள் கால் தானாக நிற்கிறதோ அந்தக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். இதே குழுதான் 2012இல் பாரிஸின் சான் சுல்பீஸ் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சந்தில் ரேம்போவின் 'போதையேறிய படகு' கவிதையின் நூறு வரிகளையும் சுவரில் எழுதிக் கொடுத்தது. டச்சுக்காரர்கள் போய் பிரெஞ்சுக் கவிதையை பாரிஸ் சுவரில் எழுதியிருக்கிறார்கள்!

வாசிக்கத் தயாராவது

மூலக் கவிதை ஒரு தாளில், குறைந்தது இரண்டு மொழிபெயர்ப்புகள் இன்னொரு தாளில். ஏன் இரண்டு என்றால், இரண்டும் வேறுபடுகிற இடத்தில்தான் மூலத்தில் ஏதோ முடிச்சு இருக்கிறது என்று பொருள். அந்தச் சொல்லை அந்த மொழிக்காரரிடம் கேளுங்கள். சந்தோஷமாக அரைமணி நேரம் பேசுவார்கள், பல வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் பேசாதவர்கள்கூட.

உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம். அந்த மொழிக்காரர் ஒருவரைக் கைபேசியில் மெதுவாக வாசித்துப் பதிவுசெய்து தரச் சொல்லுங்கள். கேட்டதைத் தமிழ் எழுத்திலேயே எழுதிக்கொண்டு, அழுத்தம் விழும் அசைக்கு அடிக்கோடு போடுங்கள். ஹங்கேரியனில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில், போலிஷில் பெரும்பாலும் கடைசிக்கு முந்தின அசையில், இது தெரிந்தாலே பாதி சரியாகிவிடும். எட்டு வரி போதும். ஒரு வாரம் தினமும் பாத்திரம் கழுவும்போது சொல்லிப் பாருங்கள், தானாக நாக்கில் உட்காரும்.

பிறகு உங்கள் பங்காக அந்த எட்டு வரியைத் தமிழில் எழுதுங்கள். கவிஞராக இருக்க வேண்டியதில்லை, நீங்கள் புரிந்துகொண்டதை நேராக எழுதினால் சரி. விழா அன்று மூலத்தை அடுத்து அது தமிழிலும் ஒலிக்கும்போது, அந்த மொழிக்காரர் முகத்தைப் பாருங்கள். தன் வீட்டுப் பொருளை யாரோ பத்திரமாக எடுத்துவந்து கையில் கொடுத்த மாதிரி ஒரு முகம்.

பொதுக் கூட்டத்துக்காக அச்சடித்துக் கொடுப்பதென்றால் காப்புரிமையைக் கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் எழுதியவர் இறந்து 70 ஆண்டுவரை உரிமை உண்டு. ப்ரெஷெரென், மிக்கியேவிச், ரில்கே, யோஷெஃப் அட்டிலா எல்லாரும் அதைத் தாண்டிவிட்டார்கள். 1970இல் இறந்த செலான் இன்னும் தாண்டவில்லை. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

இடத்தில் போய் நிற்பது

காலையில் சீக்கிரம் போங்கள், கூட்டம் வருவதற்கு முன். ஒரு முறை மனசுக்குள், ஒரு முறை சத்தமாக. படம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் சிலையைவிட, அந்தச் சிலையிலிருந்து பார்த்தால் என்ன தெரிகிறதோ அதை எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் யாராவது திரும்பிப் பார்த்தால் தாளை அவரிடமே நீட்டுங்கள். லியூப்லியானாவில் நான் தட்டுத்தடுமாறி வாசித்துக்கொண்டிருந்தபோது, காய்கறிப் பையோடு போன ஒரு பாட்டி நின்று, தாளைப் பார்க்காமலே மீதியைச் சொல்லி முடித்துவிட்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

விழா நடத்துவது

இடத்துக்கு நூலகத்திலோ குடியிருப்பின் பொதுக்கூடத்திலோ இரண்டு மாதம் முன்பே கேட்டுவையுங்கள், மே முதல் வாரத்தில் விடுமுறைகள் நெருக்கமாக வரும். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் வாசித்தால் அளவாக இருக்கும். ஒருவருக்கு ஐந்து நிமிடம், அதில் மூலக் கவிதை முதலில். அர்த்தம் தெரியாத சத்தம் முதலில் காதில் விழட்டும், அதற்குப் பிறகு இடத்தின் கதையும் படமும், கடைசியில் மொழிபெயர்ப்பு. இந்த வரிசையை மாற்றினால் ஆட்கள் மொழிபெயர்ப்பை மட்டும் கேட்டுவிட்டு மூலத்துக்குக் காதை மூடிக்கொள்கிறார்கள், ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

"எனக்குக் கவிதை எல்லாம் தெரியாது" என்று தயங்குகிறவரிடம் பிடித்த இடத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். தாத்தாவோடு மீன் பிடித்த ஏரி, முதல் வேலைக்குப் போன ரயில் நிலையம், ஏதாவது. சொல்லி முடிப்பதற்குள் பள்ளியில் படித்த பாட்டு ஒன்று அவருக்கே நினைவுக்கு வந்துவிடும். சாப்பாடு அவரவர் கொண்டுவருவதாக இருக்கட்டும், நான் சுண்டல் எடுத்துப் போவேன், பாத்திரம் எப்போதும் காலியாகத்தான் திரும்பும்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. சுவரில் பெரிய ஐரோப்பா வரைபடம் ஒன்று மாட்டி, குண்டூசியும் வண்ண நூலும் வையுங்கள். வாசித்து முடித்த ஒவ்வொருவரும் தன் கவிஞர் பிறந்த ஊரில் ஓர் ஊசி, வாழ்ந்த ஊர்களில் ஊசி, இறந்த ஊரில் ஊசி என்று குத்தி நூலைக் கட்ட வேண்டும். ரில்கேயின் நூல் ப்ராகிலிருந்து பாரிஸ், டூயினோ, சுவிட்சர்லாந்து. மிக்கியேவிச்சினுடையது பெலாரூசிலிருந்து வில்னியூஸ், பாரிஸ், கடைசியில் இஸ்தான்புல். செலானுடையது செர்னிவ்ட்சியிலிருந்து புக்கரெஸ்ட், வியன்னா, பாரிஸ். ஆறேழு பேர் கட்டிய பிறகு எல்லைக்கோடுகள் நூலுக்கு அடியில் போய்விடும், பாரிஸில் ஊசி குத்த இடமே இருக்காது.

எல்லாரும் வாசித்த பின் வந்தவர்களையும் தங்கள் வாழ்க்கையின் நூலைக் கட்டச் சொல்லுங்கள். நம் நூல் வரைபடத்தின் ஓரத்தைத் தாண்டிச் சுவரில் போகும். அதற்காக வலது கீழ்ப்பக்கம் கொஞ்சம் வெற்றுச் சுவர் விட்டு வரைபடத்தை மாட்டுங்கள்.